அஞ்சாம் சில்லும் என் வெள்ளிக்கிழமைகளும்

இழுக்கிற வாகனத்துக்கும் இழுபடுகிற பெட்டிக்கும் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைப்பதுதான் என் தொழில். ஒழுங்காக ஓடினால் வாகனம் நல்லது என்பார்கள். வழியில் கழன்றால் கொழுக்கி போட்டவன் கெட்டவன். கலியாணத் தரகருக்கும் எனக்கும் இந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை.

நீர்வேலியில், பருத்தித்துறை வீதி ஓரமாக என் வெல்டிங் கடை இருக்கிறது. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பிக்கப், வள்ளம் ஏற்றுகிற பெட்டி, தண்ணீர்த் தாங்கிப் பெட்டி என்று ஒன்றை ஒன்றோடு கொழுவ வேண்டிய எவரும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். என் மனைவி வசந்தி ஆசிரியை. கலியாணம் முடித்த அடுத்த வருடமே வன்னியில் நியமனம் வந்தது. புதுக்குடியிருப்புக்கும் அப்பால் ஒரு பாடசாலை. திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் போனால் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வீடு. இடமாற்றம் கேட்டு எழுதாத வருடம் இல்லை. கடையை விட்டு என்னால் போக முடியாது, பாடசாலையை விட்டு அவளால் வர முடியாது. இதை வாசிக்கும்போதே உங்களில் சிலர் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை வைத்த குழம்பை வியாழக்கிழமையும் சூடாக்கிச் சாப்பிடுகிற கணவர்மார் இந்த மாகாணத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை.

வாழைக்குலைக்குப் பொறுமை இல்லை

மகாலிங்கம் அண்ணை எங்கள் ஊர் வாழைக்குலை வியாபாரி. பழைய பிக்கப்புக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவிக்கொண்டு சந்தைக்கும் கலியாண வீடுகளுக்கும் ஓடுவார். இறக்க வசதி என்று குலைகளையெல்லாம் பெட்டியின் வால் பக்கத்தில் அடுக்குவார். வாலில் பாரம் கூடினால் பெட்டியின் மூக்கு எழும்பப் பார்க்கும். அது பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும், பின்சில்லுக்கு நிலத்தில் பிடி குறையும், ஓட ஓடப் பெட்டி வாலாட்டத் தொடங்கும். கொழுக்கியின் மேல் எப்போதும் கொஞ்சப் பாரம் இருந்தே ஆகவேண்டும். எங்கள் தொழிலின் அரிவரிப் பாடம் அது. அவருக்கு நான் அதை எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வளைந்த கொழுக்கியோடு வந்து நின்றார். வெள்ளிக்கிழமைகளில் நான் நேரத்தோடு கடையைப் பூட்டிவிடுவேன். வீடு கூட்ட வேண்டும், அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் வாங்க வேண்டும், முகத்தில் இருக்கிற கரியைக் கழுவிவிட்டு பஸ் நிற்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும். நாளைக்கு வாருங்கள் என்று சொன்னேன். மனுசன் கோபிக்கவில்லை. நான் கதவைப் பூட்டும்வரை நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“குலை நாலு நாளிலை பழுத்திடும் தம்பி. உங்கடை ட்ரான்ஸ்பர்தான் இன்னும் பிஞ்சிலை நிக்குது.”

அணியம்

வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு வள்ளக்காரர் வந்தார். வள்ளத்தைப் பெட்டியில் ஏற்றி பிக்கப்பால் இழுத்துக்கொண்டு போகும்போது பெட்டி பாம்புபோல நெளிகிறதாம். போய்ப் பார்த்தேன். வள்ளத்தின் இஞ்சின் பின்பக்கத்தில் தொங்குகிறது. பாரம் முழுக்க அங்கே. வள்ளத்தை மறுபக்கம் திருப்பி ஏற்றினால் இஞ்சின் கொழுக்கிப் பக்கம் வரும், ஒரு செலவும் இல்லாமல் காரியம் முடியும் என்று சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வள்ளத்தின் முன்முனையை அவர்கள் அணியம் என்பார்கள். அணியத்துக்குத்தான் பொட்டு வைப்பார்கள், மாலை போடுவார்கள். அதைப் பின்னால் விட்டுக்கொண்டு தெருவில் போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். கடைசியில் பெட்டியின் அச்சைக் கழற்றி, பின்னுக்குத் தள்ளி வைத்து ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. நெளிவு நின்றுவிட்டது. நான் முதலில் சொன்ன யோசனையை மட்டும் அவர் மன்னிக்கவில்லை.

“தம்பி, அணியம் முன்னாலை பாக்காத வள்ளம் ஒரு கரைக்கும் போய்ச் சேராது.”

இரண்டு பேரும் உதவி

ஒரு சனிக்கிழமை. வசந்தி கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து மாணவர்களின் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் அப்படி வந்து இருப்பாள். பொறி பறக்கும், சத்தம் காதைப் பிளக்கும், என்றாலும் இருப்பாள். அந்த ஒரு நாளில்தான் என் ஒட்டுவேலை நேராக வரும்.

அன்றைக்கு ஒரு அண்ணனும் தம்பியும் தண்ணீர்த் தாங்கிப் பெட்டியைக் கொழுவ வந்தார்கள். பெட்டியின் சில்லு உருளாமல் கட்டை வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்பானர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அண்ணன் பிக்கப்பைப் பின்னுக்கு எடுக்க, தம்பி பெட்டியை முன்னுக்குத் தள்ள, இரண்டும் நடுவழியில் சந்தித்து இலக்கத்தகடு சப்பளிந்துவிட்டது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கொழுவுகிறபோது ஒன்று வரவேண்டும், மற்றது நிற்க வேண்டும், இரண்டும் வெளிக்கிட்டால் இப்படித்தான் முடியும் என்று நன்றாகக் கொடுத்தேன். வசந்தி சிவப்புப் பேனையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காரன் தலையைச் சொறிந்தான்.

“ரெண்டு பேரும் உதவிதானே அண்ணை செய்தனாங்கள்.”

கனடாவில் இருந்து வந்த இரும்பு

சிவநேசன் அண்ணை கொழும்புத்துறைக்காரர். கனடாவில் நெடுங்காலம் பெரிய லொறி ஓட்டியவர். பென்சன் எடுத்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். பிள்ளைகள் அங்கே. மனைவி கோடைக்கு அங்கே, மாரிக்கு இங்கே. ஒருநாள் புது பிக்கப்பில் வந்து இறங்கி, பின்பெட்டியில் சாக்கால் மூடிக் கிடந்த ஒரு சாமானைக் காட்டினார். குதிரை லாடத்தை இரண்டு முழ அகலத்துக்குக் கனவு கண்டதுபோல ஒரு தடித்த இரும்புத் தட்டு. நடுவில் வாய் பிளந்த பூட்டு. வீட்டுச் சாமான்களோடு கொண்டெய்னரில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

அதற்குப் பெயர் இங்கிலீஷில் ஃபிஃப்த் வீல், எங்கள் பாஷையில் அஞ்சாம் சில்லு என்றார். சில்லு எங்கே என்று தேடினேன். சில்லு இல்லை, பெயர் மட்டும்தான். சாதாரணக் கொழுக்கி வாகனத்தின் பின்னால் தொங்கும். இது பிக்கப்பின் பின்பெட்டிக்குள்ளே, பின் அச்சுக்கு நேர் மேலே உட்காரும். இழுபடுகிற பெட்டியின் மூக்கு மேலால் வந்து, மூக்கின் அடியில் இருக்கிற தடித்த இரும்பு முளையை அந்த வாய்க்குள் இறக்கும். பூட்டிவிட்டால் இரண்டும் ஒன்று. எதை இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதுதான் தெரியவில்லை என்றார்.

கனடாவில் இருந்த காலம் முழுக்க இந்தக் கடலையும் காற்றையும் நினைத்து ஏங்கினாராம். இப்போது காலையில் எழும்பிக் கடலைப் பார்க்கிறார், பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. முழுப் பகலும் ஓடினாலும் முடியாத வீதிகள் நினைவுக்கு வருகின்றனவாம். வெளியில் சொன்னால் சனம் சிரிக்கும். என்னிடம் சொன்னதற்குக் காரணம் நான் கொழுக்கிக்காரன் என்பதாக இருக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை ஏங்குகிற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இஞ்சை கியர் மாத்தி முடியக் கடல் வந்திடுது தம்பி.”

இழுக்கிறதும் கூட்டிக்கொண்டு போகிறதும்

யோசனை என்னுடையது. வன்னியில் வயலும் உழவு இயந்திரமும் நிறைய. ஆனால் நம்பி ஒட்டுவேலை கொடுக்கக் கடை குறைவு என்று வசந்தி அடிக்கடி சொல்வாள். என் கடையில் பாதியைச் சில்லில் ஏற்றினால் என்ன? வியாழன் பின்னேரம் போய், அங்கே நின்று வேலை செய்து, அவளோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம். சிவநேசன் அண்ணைக்கு ஓடுவதற்கு நீண்ட வீதி கிடைக்கும். எனக்கு அந்த வீதியின் முடிவில் வசந்தி கிடைப்பாள். சொல்லி முடிய முதலே அவர் பிக்கப்பின் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். பதிவு, அனுமதி அலுவல்களையெல்லாம் தானே பார்க்கிறேன் என்றார்.

இந்தப் பாரத்துக்குப் பின்னால் தொங்குகிற சாதாரணக் கொழுக்கியே போதும் என்று நான் வாதாடினேன். எங்கள் பிக்கப்புகளின் பின்பெட்டி நீளம் குறைவு. வளைவில் திரும்பும்போது இழுபடுகிற பெட்டியின் முன்மூலை வந்து பிக்கப்பின் பின்கண்ணாடியில் இடிக்கும். பெட்டியின் பாரத்தில் ஒரு பங்கு பிக்கப்பின் முதுகிலேயே ஏறும் என்பதால், அது தாங்குகிற அளவுக்குத்தான் பெட்டியும் செய்யலாம். இதையெல்லாம் அவர் கேட்டார். பிறகு, மூலைகளைச் சரித்து வெட்டு, சாமானைக் குறை, ஆனால் இதில்தான் ஏற்ற வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். மூலை வெட்டிய மூக்கு, தகரச் சுவர், தகரக் கூரை, உள்ளே வெல்டிங் இயந்திரமும் ஏணியும். நீல நிறம் அடித்தேன், அது வசந்தியின் நிறம். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“பின்னாலை கொழுவினால் இழுத்துக்கொண்டு போறது. மேலை இருத்தினால் கூட்டிக்கொண்டு போறது.”

ஐந்து எலுமிச்சம்பழம்

புறப்பட ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. அந்த வாரம் வசந்தி வீட்டுக்கு வரமாட்டாள். பாடசாலையில் விளையாட்டுப் போட்டிக்குச் சனி, ஞாயிறிலும் பயிற்சி இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். நான் வருவதை அவளுக்குச் சொல்லவில்லை. வாறேன் வாறேன் என்று சொல்லி, கடைசி நேரத்தில் வேலை வந்து நின்றுபோன வாரங்கள் பல. இந்த முறை வாயால் சொல்லாமல் அவளுடைய தங்குமிடத்து வாசல் படலையடியில் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வாரம் முழுக்க நித்திரை குறைந்தது.

சிவநேசன் அண்ணையின் அக்கா கொழும்புத்துறையில் இருந்து வந்து இறங்கினா. ராகு காலம் கழிந்து நேரம் பார்த்திருக்கிறா. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிற வாகனம் முதலில் பின்னுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டா. பின்னுக்குப் போகாமல் பிக்கப் எப்படிப் பெட்டியின் மூக்குக்கு அடியில் வரும்? அஞ்சாம் சில்லுக்கு அது ஒன்றுதான் வழி. அக்கா அசையவில்லை. கடைசியில் பெட்டியின் மூக்கைத் தாங்குகிற முட்டுக்கால்களுக்குச் சின்னச் சில்லுகள் பூட்டி, மகாலிங்கம் அண்ணையையும் அவருடைய ஆட்களையும் கூப்பிட்டு, முழுக் கடையையும் கையால் தள்ளிக்கொண்டுபோய் நிற்கிற பிக்கப்பில் ஏற்றினோம். இந்த உலகத்தில் அஞ்சாம் சில்லை இப்படிக் கொழுவியவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று சிவநேசன் அண்ணை வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

பூட்டின பிறகு ஒருதரம் மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். முட்டுக்காலை எடுக்காமல் இழுத்தார். சில்லுகளுக்கு அடியில் அக்கா வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு பிக்கப் போய்விட்டது. பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஏறிப் பார்த்தால் பூட்டின் வாய்க்குள் நசிந்த எலுமிச்சம்பழம் ஒன்று. நாலு சில்லுக்கும் பழம் வைத்த அக்கா, அஞ்சாம் சில்லு என்று ஒன்று இருக்கிறதாமே, அதை ஏன் விடுவான் என்று அதற்கும் ஒன்று வைத்திருக்கிறா. தோல் இடையில் அகப்பட்டுப் பூட்டு முழுதாக மூடவில்லை. வீதியில் வைத்துக் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கா எட்டிப் பார்த்துத் திருப்தியாகச் சொன்னா:

“அஞ்சும் நல்லா நசிஞ்சிருக்கு. இனி ஒரு குறையும் வராது.”

வெள்ளிக்கிழமை

கற்பூரம் கொளுத்திவிட்டு வாருங்கள் என்று அக்காவை எதிரே இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு அனுப்பினோம். அவ கோயிலுக்குள் போனதும் பூட்டைத் துடைத்து, பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து, ஒழுங்காகக் கொழுவி, இழுத்துப் பார்த்து, முட்டுக்காலைத் தூக்கினோம். கோப்பாய், கைதடி தாண்டிப் பெருவீதிக்கு ஏறினதும் சிவநேசன் அண்ணை கதைப்பதை நிறுத்திவிட்டார். பளை கழிய மழை தூறியது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நேர் வீதி. மனுசனின் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஒவ்வொரு வாரமும் வசந்தி தனியாகப் பார்த்துக்கொண்டு போகிற வீதி இது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பரந்தனில் இடப்பக்கம் திரும்பினோம். முன்னால் வந்த பஸ்களுக்கு வழிவிட்டு மெல்ல மெல்லத்தான் போனோம்.

போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஆசிரியைகளின் தங்குமிடப் படலையடியில் பெட்டியை நிறுத்திவிட்டு, தலையை வாரிக்கொண்டு கூப்பிட்டேன். கூட இருக்கிற ஆசிரியை வந்து என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தா. மழையால் பயிற்சியை நிறுத்திவிட்டார்களாம். வசந்தி பாடசாலை விட்ட கையோடு பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

அவ கதவைத் திறந்து, உள்ளே வந்து இருந்து தண்ணி குடியுங்கோ என்றா. அப்போதுதான் வசந்தி இருக்கிற அறையை முதன்முதல் பார்த்தேன். கூரையில் ஒழுக்கு. கட்டிலைச் சுவரோடு ஒதுக்கி, ஒழுகுகிற இடத்தில் ஒரு பேசின் வைத்திருந்தாள். பேசினுக்குள் ஒரு பழைய துவாய்த் துண்டு. எதற்கு என்று கேட்டேன். சொட்டுகிற சத்தத்துக்கு நித்திரை வராது, அதற்காக வசந்தி டீச்சர் போட்டிருக்கிறா என்றா. கூரை கொஞ்சம் ஒழுகுது என்று மட்டும்தான் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். துவாயைப் பற்றிச் சொல்லவில்லை. தண்ணீரை வைத்துவிட்டு ஏணியை எடுத்தேன். வெளிச்சம் இருக்கும்போதே தகரம் வெட்டி, தார் பூசி, ஒழுக்கை அடைத்தேன். சிவநேசன் அண்ணை கீழே நின்று ஏணியைப் பிடித்தார்.

இறங்கிவரக் கைபேசி அடித்தது. வீட்டுப் படலையில் பூட்டு, கடையிலும் பூட்டு, எங்கே நிற்கிறீர்கள் என்று வசந்தி கேட்டாள். சொன்னேன். தானும் ஒருநாளாவது சொல்லாமல் வந்து என் முன்னால் நிற்க வேண்டும் என்றுதான் வந்ததாகச் சொன்னாள். இயக்கச்சியில் பஸ்ஸுக்குள் இருந்து நீலப் பெட்டி ஒன்றைக் கண்டாளாம். ஆரோ ஒரு விசரன் கூரையோடு கடையைக் கொண்டு போகிறான் என்று பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் காட்டினாளாம். சிரித்தாள், சிரிப்பு நடுவில் உடைந்தது. உடனே திரும்பி வாறேன், நீர் அழவேண்டாம் என்றேன். இங்கே சிவநேசன் அண்ணை, அப்படியென்றால் அதே வீதியை இன்னொரு தரம் ஓடலாம் என்று சந்தோசமாகச் சாவியைத் திருப்பினார். அங்கே அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் கடையில் கத்துகிற அதே பாடத்தை எனக்கே எடுத்தாள்.

“ஒண்டு வரேக்கை மற்றது நிக்கவேணுமப்பா. நான் இஞ்சை படலையடியிலை கட்டை வைச்சமாதிரி நிக்கிறன். நீங்கள் வாங்கோ.”

இடமாற்றம் இன்னும் வரவில்லை; ஒரு வாரம் அவள் நிற்க நான் போகிறேன், மறுவாரம் நான் நிற்க அவள் வருகிறாள், பிக்கப்பைப் பின்னுக்கு எடுக்கிறபோது மட்டும் சிவநேசன் அண்ணையின் அக்காவைக் கோயிலுக்கு அனுப்பிவிடுகிறோம்.